தெள்ளு ஒழியணும்... பூனைக்குட்டி பிழைக்கணும்!

‘எங்கள் வீட்டுப் பூனை வைக்கோல் பரணில் நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. குட்டிகள் மேலெல்லாம் தெள்ளுப்பூச்சி. ஒரு குட்டி பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறது. கரும்புக்கு அடித்த மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது. அதில் ஒரு மூடி தண்ணீரில் கலந்து குளிப்பாட்டலாமா? இல்லை, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவலாமா?’

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது. இரண்டுமே வேண்டாம் அம்மா. இரண்டில் எதைச் செய்தாலும் தெள்ளு சாவதற்கு முன்பே குட்டி செத்துப்போக வாய்ப்பு உண்டு. அதற்காகத் தெள்ளை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அதுவும் குட்டியைக் கொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் செலவு குறைந்த, பத்திரமான வழி இருக்கிறது. இந்த இதழில் அதை விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது வேளாண்மை. பூனைக்கு மருந்துச்சீட்டு எழுத வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். ஆனால், பூச்சிக்கொல்லி டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, அதை எதற்குத் தயாரித்தார்கள், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்வது என் வேலை. நம் பகுதியில் பூனை சாவது பெரும்பாலும் அந்த டப்பாவால் என்பதால் இதை எழுதுகிறேன்.

பூனை நமக்குச் செல்லப்பிராணி மட்டும் இல்லை. தென்பெண்ணைக் கரையில் நெல்லும் மணிலாவும் மூட்டை கட்டி வைக்கும் வீடுகளிலும், கல்வராயன்மலையில் சாமை, தினை சேர்த்து வைக்கும் வீடுகளிலும் எலியைக் கட்டுப்படுத்துவது பூனைதான். எலிமருந்து வைக்காமல் தானியத்தைக் காப்பாற்றும் ஒரு சம்பளமில்லாத காவலாளி அது.

தெள்ளு குடிக்கும் ரத்தத்துக்கு ஒரு கணக்கு

பூனைக்கு வரும் தெள்ளு மிகச் சிறியது. ஆனால், ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் தன் உடல் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் உறிஞ்சும். ஆய்வாளர்கள் அளந்து சொன்ன கணக்குப்படி, 72 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லி ரத்தத்தைக் குடித்துவிடும்.

நான்கு வாரக் குட்டியின் எடை சுமார் 400 கிராம். அதன் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறத்தாழ 25 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி கூட இல்லை. அதிலிருந்து தினமும் 1 மில்லி போனால் எத்தனை நாள் தாங்கும்? வாசகி சொல்லும் சோர்ந்த குட்டிக்கு இதுதான் நடந்துகொண்டிருக்கலாம். அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்து, வெள்ளைத் தாள் போல இருந்தால் ரத்தசோகை. அந்தக் குட்டியை அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே நேரமில்லை.

இருப்பது தெள்ளுதானா என்று தெரியவில்லையா? குட்டியை ஒரு வெள்ளைத் துணி மேல் நிறுத்தி, பேன்சீப்பால் வாருங்கள். கருப்பு மிளகுத்தூள் போல உதிரும். அதன் மேல் ஈரப் பஞ்சை வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். அதாவது செரித்த ரத்தம். கரையாவிட்டால் வெறும் மண்.

பூனைக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

நாய்க்குத் தாங்குகிற மருந்து பூனைக்கு ஏன் தாங்குவதில்லை? காரணம் ஈரலில் இருக்கிறது. உடம்புக்குள் போகும் பல ரசாயனங்களை ஈரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு இணைத்து, சிறுநீரில் வெளியேற்றும். மனிதனுக்கும் நாய்க்கும் இந்த வேலை நன்றாக நடக்கிறது. பூனை இனத்துக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. அதனால் நஞ்சு வெளியேறாமல் உடம்பிலேயே தங்குகிறது. நாம் காய்ச்சலுக்குப் போடும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் இதே குறைபாட்டால்தான்.

இன்னொரு காரணம் நாக்கு. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும். தாய் குட்டியை நக்கும். ஆகவே, பூனையின் முடியில் நீங்கள் எதைத் தடவினாலும் அதை அதன் வாயில் ஊற்றியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

‘த்ரின்’ என்று முடிந்தால் தள்ளி வையுங்கள்

பூனைகளுக்கு மிகக் கெடுதலான மருந்துக் குடும்பம் ஒன்று உண்டு. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் – எல்லாமே ‘த்ரின்’ என்று முடிவதைக் கவனியுங்கள். இவை எங்கெல்லாம் இருக்கின்றன?

* மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்ணி போகத் தண்ணீரில் கலந்து தடவும் மருந்துகளில்
* நாய்க்கான சில சொட்டு மருந்துகள், பவுடர்கள், ஷாம்புகளில்
* காய்கறி, பருத்திக்கு அடிக்கும் மருந்துகளில்
* சொறி, சிரங்குக்கு மெடிக்கலில் கொடுக்கும் 5% பெர்மெத்ரின் கிரீமில். தலைப்பேனுக்கான சில லோஷன்களில்

இது வெறும் எச்சரிக்கை வார்த்தை இல்லை. இங்கிலாந்தில், நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டதால் லண்டன் கால்நடை நஞ்சுத் தகவல் மையத்துக்கு வந்த 286 பூனைகளின் விவரங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பூனைகளுக்கும் நடுக்கம், வலிப்பு போன்ற அறிகுறிகள் வந்திருந்தன. பத்தில் ஒன்று பிழைக்கவில்லை. உடனே மருத்துவரிடம் போக வசதியுள்ள நாட்டிலேயே இந்த நிலை.

அளவைப் பாருங்கள். நாய் மருந்தில் பெர்மெத்ரின் 45% இருந்தால் 1 மில்லியில் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனைமேல் அந்த 1 மில்லி பட்டாலே கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். இந்த அளவே பூனையின் உயிருக்கு ஆபத்து. 600 கிராம் குட்டிக்கு அதே அளவு எட்டுவதற்கு மூன்று சொட்டுகூடத் தேவையில்லை. ‘நாய் மருந்தில் பாதி போட்டால் போதும்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக்காகக் கொடுக்கும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. கரையானுக்கு ஊற்றும் குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும் ஆகாது. ‘த்ரின்’ கணக்குக்கு ஒரே விலக்கு, பூனைக்கென்றே தயாரிக்கப்படும் ஃபுளூமெத்ரின் கழுத்துப்பட்டை. அதையும் மருத்துவர் சொன்னால், லேபிளில் உள்ள வயதுக்கு மேல் மட்டுமே போட வேண்டும்.

‘அதே மருந்துதானே?’ என்பவர்களுக்கு

விவரம் தெரிந்த விவசாயிகள் என்னிடம் மடக்கிக் கேட்பது உண்டு: ‘பூனைச் சொட்டு மருந்தில் ஃபிப்ரோனில் என்று போட்டிருக்கிறது. கரும்பில் இளங்குருத்துப்புழுவுக்கு அடிப்பதும் ஃபிப்ரோனில்தான். இமிடாகுளோபிரிட்டும் அப்படியே. அதே மருந்துக்கு எதற்கு இரண்டு செலவு?’

நல்ல கேள்வி. பதில், டப்பாவில் மருந்து மட்டும் இல்லை என்பதுதான். பயிர் மருந்தில் அது தண்ணீரில் கலங்கி நிற்பதற்கான பொருள், இலையில் பரவுவதற்கான பொருள், உறையாமல் இருக்கக் கிளைக்கால் வகைகள், சில மருந்துகளில் சைலீன் போன்ற கரைப்பான்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். இவை இலைக்காகச் சேர்த்தவை. குட்டியின் தோலிலும் வயிற்றிலும் இவை என்ன செய்யும் என்று யாரும் சோதித்து அனுமதி கொடுக்கவில்லை. பூனை மருந்து அப்படி இல்லை. தோலின் எண்ணெய்ப் படலத்தில் பரவி அங்கேயே தங்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள். அளவையும் ஒரு பூனைக்கு ஒரு குப்பி என்று பிரித்தே தருகிறார்கள். அதோடு, ஃபிப்ரோனில் பயிருக்கு 0.3% குருணை, 5% திரவம், 80% தூள் என்று பல வீரியத்தில் வருகிறது. டப்பா மாறினால் கணக்கே மாறிவிடும்.

1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று லேபிளில் எழுதியிருப்பதற்குத்தான் அனுமதி. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தில் சிவப்பு அதிக நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். பச்சை முக்கோணம் என்றால் பூனைக்கு ஆகும் என்று அர்த்தம் இல்லை. அந்த லேபிளில் ‘பூனை’ என்ற சொல்லே இருக்காது.

வயது பார்த்து வைத்தியம்

மருந்துக்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வயது, எடை. கண் திறந்தால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம். பால்பல் முளைக்கத் தொடங்கினால் மூன்று வாரம். எடைக்கு மளிகைக்கடைத் தராசு போதும். கூடையோடு நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள்: இவற்றுக்குப் பேன்சீப்புதான் முதல் மருந்து. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்து, வாலடி, அக்குள் என்று வாருங்கள். சீப்பில் வரும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் மூழ்கிச் சாகும். நகத்தில் நசுக்க வேண்டாம். காலையும் மாலையும் செய்தால் இரண்டு மூன்று நாளில் நல்ல வித்தியாசம் தெரியும்.

தெள்ளு மிக அதிகமாக இருந்து, குட்டியும் தெம்பாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு சிறிது போட்டுக் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள். இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஓடும். தலையை நனைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் முடித்து, உடனே துணியால் ஈரம் ஒற்றி, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். இந்த வயதில் குளிர் தாக்கியே குட்டி சாகும். நன்றாகக் காய்ந்த பிறகே தாயிடம் விடுங்கள். சோர்ந்த குட்டியைக் குளிப்பாட்டவே வேண்டாம்.

மிகச் சிறிய குட்டிகளுக்கும் போடலாம் என்று அனுமதி பெற்ற 0.25% ஃபிப்ரோனில் ஸ்பிரே உண்டு. அதையும் மருத்துவர் பார்த்து, அளவு சொன்ன பிறகே பயன்படுத்த வேண்டும்.

8 வாரத்துக்கு மேல், 1 கிலோ எடை வந்த பிறகு: ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலமெக்டின் அடங்கிய பூனைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு 8 வாரம்தான் தொடக்கம். அட்டையில் பூனைப் படம் இருந்தால் மட்டும் போதாது. வயது, எடை, மருந்தின் பெயர் மூன்றையும் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிடரியில் முடியை விலக்கி, நாக்கு எட்டாத இடத்தில், தோலில் படும்படி போடுங்கள். லேபிளில் சொன்ன இடைவெளிக்கு முன் மறுபடியும் போடாதீர்கள்.

சினைப் பூனை, பால் கொடுக்கும் பூனை, நோயுற்ற பூனைக்கு எதைப் போடுவதானாலும் மருத்துவரைக் கேளுங்கள். முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகவே ஆகாது.

பூனையில் இருப்பது கொஞ்சம். வீட்டில் இருப்பதுதான் மிச்சம்

தெள்ளுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, தாய்ப்பூச்சி என்று நான்கு பருவம். நம் கண்ணில் படும் தாய்ப்பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு 5 இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் சாக்கு, பரண், தரை வெடிப்பு, கோரைப்பாயில் இருக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டைக்கு மேல்கூட இடும். அவை பூனை படுக்கும் இடத்தில் உதிர்ந்து விழும். கூட்டுப்புழு கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். அதிர்வும் உடல்சூடும் பட்டால் துள்ளி வெளியே வரும். மலையிலிருந்து வேலைக்கு வெளியூர் போன குடும்பம் சில மாதம் கழித்து வந்து கதவைத் திறந்ததும் கால் முழுக்கத் தெள்ளு ஏறுவது இதனால்தான்.

புழுவுக்கு வெயிலும் வறட்சியும் எமன். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

* பூனை படுக்கும் சாக்கு, துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசிக் களத்தில் கொளுத்தும் வெயிலில் காயப் போடுங்கள். குட்டி போட்ட இடத்துச் சாக்கு பழசாக இருந்தால் எரித்துவிடுங்கள்.
* பரணில் அடி வைக்கோலை இறக்கி வெயிலில் பரப்புங்கள்.
* தினமும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை வீட்டோரம் கொட்டாமல் எரித்துவிடுங்கள்.
* மண்தரை வெடிப்பை அடைத்து மெழுகுங்கள்.
* நாய் இருந்தால் அதற்கும் அதே நாளில், நாய்க்கான மருந்தைப் போடுங்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால், மூன்று நாளைக்குப் பூனை அதோடு படுக்காமல், அதை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு முறை செய்துவிட்டு, ‘மருந்து கேட்கவில்லை’ என்று வீரியத்தைக் கூட்டுவதில்தான் விபத்து நடக்கிறது.

தவறான மருந்து பட்டுவிட்டால்...

எச்சில் ஒழுகுதல், காது, முகம் துடிப்பது, தள்ளாட்டம், உடம்பு நடுக்கம், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். சில மணி நேரத்தில் தொடங்கும். சில சமயம் ஒரு நாள் கழித்தும் வரும். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். கையுறையோ பாலித்தீன் பையோ போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பிலும் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், தோல் வழியாக மருந்து இன்னும் உள்ளே போகும். துடைத்து, துணியில் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மருந்து டப்பாவையும் எடுத்துப் போங்கள். வலிப்பு இருந்தால் குளிப்பாட்ட நிற்க வேண்டாம், நேரே கிளம்புங்கள்.

உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நடுங்கும் பூனைக்குப் புரையேறி மூச்சு அடைக்கும். பெர்மெத்ரினுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால், நடுக்கத்தை அடக்கி, உடல்சூட்டைப் பார்த்துக்கொண்டால் பல பூனைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கால்நடை அவசர எண் 1962-ஐ அழைத்துக் கேளுங்கள். சேலம் சாலையில் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வாசகர் கேள்விகள்

‘இயற்கை முறையில் வேப்பெண்ணெய், கற்பூரம் தடவலாமா?’

தடவ வேண்டாம். பூனை அதை நக்கும். வேப்பெண்ணெயால் எச்சில் ஒழுகுதல், வாந்தி, நடுக்கம் வரலாம். கற்பூரம், பாச்சை உருண்டை, யூகலிப்டஸ் தைலம், மண்ணெண்ணெய், பினாயில் எல்லாமே பூனைக்கு நஞ்சு. இயற்கையாகச் செய்ய ஆசைப்பட்டால் பேன்சீப்பு, சோப்பு, வெயில் மூன்றும் இருக்கின்றன. இவற்றைவிட இயற்கையானது எது?

‘வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. பூனைத் தெள்ளு குழந்தைக்கு ஆபத்தா?’

கடித்தால் அரிப்பும் தடிப்பும் வரும். தெள்ளின் வயிற்றில் ஒரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கும். தெள்ளைத் தவறி விழுங்கும் குழந்தைக்கும் அந்தப் புழு வரலாம். பூனையின் ஆசனவாயில் அரிசி போல ஒட்டியிருந்தால் அதுதான். பூனைக்கும் குழந்தைக்கும் தனித்தனியே மருத்துவரிடம் காட்டிப் புழுமருந்து வாங்குங்கள்.

‘பேசாமல் பூனையையும் குட்டிகளையும் ஆலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால்?’

தெள்ளு உங்கள் வீட்டிலேயே இருக்கும். பூனை இல்லாததால் உங்களைக் கடிக்கும். கூடவே எலியும் பெருகும். தெள்ளுள்ள வீட்டில் பூனையை வைத்துக்கொண்டு வைத்தியம் செய்வதுதான் சுலபம்.

கேள்வி கேட்ட மூங்கில்துறைப்பட்டு வாசகிக்கு: இன்றைக்கே சோர்ந்த குட்டியின் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் முதலில் மருந்தகம். மற்ற மூன்றுக்கும் தாய்க்கும் பேன்சீப்பு. சாக்கை வெயிலில் போடுங்கள். மீதமிருக்கும் கரும்பு மருந்தை அதன் டப்பாவிலேயே மூடி, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.